கலத்தின் காலடித் தரை: ஆய்வுகூடக் கிண்ணத்தின் விறைப்பு முடிவுகளை மாற்றுவது எப்படி?

வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோயாளர் இருக்கும் வீடுகளில், "ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில் பரிசோதித்தபோது" என்று தொடங்கும் செய்திகள் கவனமாக வாசிக்கப்படுகின்றன. 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்டு, வவுனியாவிலும் காணப்படுகின்ற காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு, கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட், கட்மியம், ஆசனிக், களைகொல்லிகள், வெயிலில் உடல் நீரிழக்க உழைப்பது எனப் பல காரணங்கள் சந்தேகிக்கப்படுகின்றன. ஒன்றும் முடிந்த முடிவாகவில்லை. ஒரு பொருள் சிறுநீரகக் கலங்களைக் கொன்றது என்று ஓர் ஆய்வு சொல்ல, அதே பொருள் அந்த அளவில் தீங்கு செய்யவில்லை என்று இன்னோர் ஆய்வு சொன்னால், வாசிப்பவர் குழம்புவது இயல்பு.

இத்தகைய முரண்பாடுகளுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் செய்திகளில் அநேகமாக இடம்பெறாத ஒன்றையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது: அந்தக் கலங்கள் எதன்மேல் ஒட்டி வளர்ந்தன, அந்தத் தரை எவ்வளவு விறைப்பானது என்பது. கிண்ணம் வெறும் பாத்திரம் அல்ல. கலம் அதை இழுத்துப் பார்க்கிறது, கிடைக்கும் எதிர்ப்புக்கு ஏற்பத் தன் உருவத்தையும் வேலையையும் மாற்றிக்கொள்கிறது.

கல வளர்ப்பு: அடிப்படை

கலம் என்பது உயிரின் மிகச் சிறிய அலகு. தமிழ்நாட்டு நூல்களில் இதைச் செல் என்பர். இழைய வளர்ப்பு முறையில் வந்த வாழைக் கன்றுகள் நம் தோட்டக்காரருக்குப் பழக்கமானவை. போத்தலுக்குள் அகர் கூழின்மேல் அந்தக் கன்று முளைக்கிறது. ஆனால் தாவரக் கலத்தைச் சுற்றி உறுதியான சுவர் உண்டு. அகர் அதற்கு நீரும் போசணையும் தந்து தாங்கிப் பிடித்தால் பெரும்பாலும் போதும். விலங்குக் கலத்துக்குச் சுவர் இல்லை. குருதிக் கலங்கள் போன்றவற்றைத் தவிர, நம் உடலின் பெரும்பாலான கலங்கள் ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் வாழும். பிடிமானம் அற்றுப்போனால் அவற்றுள் பல தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். ஆகவே விலங்குக் கலத்துக்குத் தரை என்பது உணவைப் போன்ற ஒரு தேவை.

ஜேர்மனியில் ஜூலியஸ் பெற்றி 1887ஆம் ஆண்டு விவரித்த மூடியுள்ள கண்ணாடிக் கிண்ணம் பக்ரீரியாவை வளர்ப்பதற்கானது. ரொஸ் ஹரிசன் 1907ஆம் ஆண்டு தவளை முளையத்தின் நரம்பு இழையத்தை உடலுக்கு வெளியே வளர்த்துக் காட்டினார். பின்னர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பொலிஸ்டைரீன் பிளாஸ்ரிக் கிண்ணங்கள் கண்ணாடியின் இடத்தைப் பிடித்தன. ஒளி ஊடுருவும், மலிவு, கிருமி நீக்கலாம், ஒருமுறை பாவித்து எறியலாம் என்பவையே அதற்கான காரணங்கள். உடலுக்குள் இருக்கும் சூழலை அது ஒத்திருக்கிறதா என்று அப்போது பெரிதாகக் கேட்கப்படவில்லை.

விறைப்பை அளப்பது

உயர்தரப் பௌதிகவியல் படித்தவர்கள் யங்கின் மட்டை அறிவார்கள். ஒரு பொருளின்மீது பிரயோகிக்கும் தகைப்பை, அதனால் ஏற்படும் விகாரத்தால் வகுத்தால் வருவது அது, அலகு பஸ்கால். மட்டு கூடினால் பொருள் விறைப்பானது, குறைந்தால் இளகியது. இளநீரின் வழுக்கலையும் முற்றிய தேங்காயையும் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே மரத்தின் ஒரே பகுதிதான். வழுக்கலில் விரல் இறங்குகிறது, தேங்காயில் நகம்கூடப் பதிவதில்லை. கலத்துக்கு எட்டுவதும் இந்த வேறுபாடுதான். வலிமை என்பது வேறு. எவ்வளவு இழுத்தால் அறும் என்பதை அது சொல்கிறது.

உடலின் இழையங்களையும் ஆய்வுகூடத் தரைகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தால் இடைவெளி திகைக்க வைக்கும். மூளை இழையம் ஏறத்தாழ 1 கிலோபஸ்கால் அல்லது அதற்கும் குறைவு. எலும்புத் தசை 10 கிலோபஸ்காலை அண்டியது. கல்சியம் படிந்து இறுகுவதற்கு முந்திய நிலையில் உள்ள என்பு இழையம் 25 முதல் 40 கிலோபஸ்கால் வரை. பொலிஸ்டைரீனோ ஏறத்தாழ 3 கிகாபஸ்கால், கண்ணாடி ஏறத்தாழ 70 கிகாபஸ்கால். அதாவது மூளைக் கலம் ஒன்றைச் சாதாரண வளர்ப்புக் கிண்ணத்தில் வைக்கும்போது, அது பிறந்து வளர்ந்த இடத்தைவிட முப்பது இலட்சம் மடங்கு விறைப்பான தரையில் அதை வைக்கிறோம்.

கலம் விறைப்பை உணர்வது எப்படி?

கலத்துக்குக் கண்ணும் விரலும் இல்லை. அதனிடம் இருப்பது இழுக்கும் ஆற்றல். ஒரு கயிற்றைப் பாலை மரத்தில் கட்டி இழுத்தால் மரம் அசையாது. முழுப் பாரமும் நம் தோளுக்குத் திரும்பி வரும். அதே கயிற்றை வாழையில் கட்டி இழுத்தால் வாழை நம் பக்கம் சாயும். தோளில் பாரம் ஏறாது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாலும் எது பாலை, எது வாழை என்று தோள் சொல்லிவிடும். கலமும் இப்படியே அறிகிறது. அதன் படிகள் வருமாறு:

1. கலமென்சவ்வை ஊடறுத்து நிற்கும் இன்ரகிரின் என்ற புரதங்கள், வெளியே உள்ள கொலாஜன் போன்ற நார்ப் புரதங்களைப் பற்றுகின்றன. கயிற்றின் முடிச்சு இதுதான்.

2. கலத்தின் உள்ளே அக்ரின் இழைகளை மயோசின் என்ற புரதம் இழுக்கிறது. நம் தசை சுருங்குவதும் இதே புரதச் சோடியால்தான். அல்பேர்ட் ஹரிசும் உடன் ஆய்வாளர்களும் 1980ஆம் ஆண்டு மெல்லிய சிலிக்கன் றப்பர் படலத்தின்மேல் கலங்களை வளர்த்தபோது, பாலின்மேல் ஆடை சுருங்குவதுபோல ஒவ்வொரு கலத்தின் கீழும் படலம் சுருக்கம் விழுந்தது. கலம் தன் தரையை ஓயாமல் இழுக்கிறது என்பது அப்போது கண்முன் தெரிந்தது.

3. தரை விறைப்பாக இருந்து எதிர்த்தால், பிடியின் உட்புறத்தில் உள்ள ராலின் என்ற புரதம் இழுபட்டு விரிகிறது. மடிப்புக்குள் மறைந்திருந்த இடங்கள் வெளிப்பட, வின்குலின் என்ற இன்னொரு புரதம் அங்கே வந்து சேர்ந்து பிடியை இறுக்குகிறது. தரை இளகியதாக இருந்தால் இந்த விரிதல் போதிய அளவு நடவாது. பிடி முதிராமல் கழன்றுபோகும்.

4. செய்தி கலத்தின் கரு வரை போகிறது. விறைப்பான தரையில் யப், ராஸ் என்ற இரண்டு புரதங்கள் கருவுக்குள் நுழைந்து, பெருக்கத்துக்கும் வளர்ச்சிக்கும் உரிய பரம்பரை அலகுகளைத் தூண்டுகின்றன. இளகிய தரையில் அவை பெரும்பாலும் கருவுக்கு வெளியே குழியவுருவில் தங்கிவிடுகின்றன. இதை இத்தாலியின் பதுவா நகரில் ஸ்ரெபனோ பிக்கொலோவின் குழு 2011ஆம் ஆண்டு வெளியிட்டது.

இதன் விளைவை நுணுக்குக்காட்டியில் நேரே பார்க்கலாம். பிளாஸ்ரிக்கின்மேல் உள்ள நாரரும்பர்க் கலம் (கொலாஜன் போன்ற நார்ப் புரதங்களை உண்டாக்கும் கலம்), காயப்போட்ட தோல்போல நாற்புறமும் இழுபட்டுத் தட்டையாகப் பரந்திருக்கும். உள்ளே அக்ரின் இழைகள் தடித்த வடங்களாக ஓடும். அதே கலத்தை மிக இளகிய ஜெல்லின்மேல் விட்டால், ஒட்டியிருந்தாலும் உருண்டையாகவே இருக்கும். வடங்களைக் காண முடியாது. இரண்டு கிண்ணங்களிலும் ஊட்டிய திரவம் ஒன்றே, கலமும் ஒன்றே.

நிலைநாட்டிய பரிசோதனைகள்

விறைப்பை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்திருக்க ஒரு தரை தேவைப்பட்டது. ரொபேர்ட் பெல்ஹாமும் யூ-லி வாங்கும் 1997ஆம் ஆண்டு பொலிஅக்கிரிலமைட் ஜெல்லைப் பயன்படுத்தி அதற்கு வழி காட்டினர். இந்த ஜெல்லில் கலங்கள் தாமாக ஒட்டா. மேற்பரப்பில் ஒரே அளவு கொலாஜனைப் பூசினால் பிடிமானம் எல்லாக் கிண்ணத்திலும் சமமாகிவிடும், உள்ளே குறுக்குப் பிணைப்பைக் கூட்டிக் குறைத்து விறைப்பை விரும்பியபடி வைக்கலாம். 2000ஆம் ஆண்டில் வாங்கின் குழு ஒரே ஜெல்லில் இளகிய பக்கமும் விறைப்பான பக்கமும் அமைத்துப் பார்த்தபோது, நாரரும்பர்க் கலங்கள் விறைப்பான பக்கத்தை நோக்கி நகர்ந்தன. சேற்று வயலில் நடப்பவரின் கால், புதையும் பக்கத்தை விட்டு வரம்பில் ஊன்றி ஏறுவதைப் போன்றது இது: எல்லாப் பக்கமும் காலை நீட்டுகிறது கலம், பிடி நிலைக்கும் பக்கத்துக்கு உடல் போகிறது.

இத்துறையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது 2006ஆம் ஆண்டின் ஆய்வு. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அடம் எங்கிளர், டெனிஸ் டிஷர் முதலியோர் மனித என்பு மச்சையிலிருந்து எடுத்த குருத்துக் கலங்களை மூன்று வகை ஜெல்களில் வளர்த்தனர். குருத்துக் கலம் என்பது இன்ன வேலைக்கு என்று இன்னும் தீர்மானமாகாத, பல வகைக் கலங்களாக மாறக்கூடிய கலம். மூளையை ஒத்த 0.1 முதல் 1 கிலோபஸ்கால் வரையான ஜெல்லில் அவை நரம்புக் கலம்போலக் கிளை விட்டன. தசையை ஒத்த 8 முதல் 17 கிலோபஸ்கால் வரையான ஜெல்லில் தசைக்குரிய அடையாளங்களைக் காட்டின. 25 முதல் 40 கிலோபஸ்கால் வரையில் என்புக் கலத்தின் அடையாளங்கள் தோன்றின. மூன்றுக்கும் ஊட்டிய திரவம் ஒன்றே. மயோசினைத் தடுக்கும் மருந்தை இட்டபோது இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. இழுக்க முடியாத கலத்துக்குத் தரை தெரியவில்லை என்பதையே அது காட்டியது. இந்தப் பரிசோதனையின் வலுவான பகுதி இதுதான் என்பது என் கருத்து. முந்தியது ஓர் ஒத்துப்போதலைக் காட்டுகிறது, இது வழியைக் காட்டுகிறது.

மார்புச் சுரப்பிக் கலங்களிலும் இதே பாடம் கிடைத்தது. வலரி வீவர் குழுவினர் 2005ஆம் ஆண்டு வெளியிட்டபடி, சாதாரண மார்புச் சுரப்பியின் விறைப்பு சில நூறு பஸ்காலுக்கு உட்பட்டது, கட்டியினுடையதோ பல மடங்கு கூடியது. இளகிய ஜெல்லில் இக்கலங்கள் உடலில் உள்ளதுபோல நடுவே வெற்றிடமுள்ள சிறு உருண்டைகளாக ஒழுங்காக அமைந்தன. விறைப்பைக் கூட்டியபோது அந்த ஒழுங்கு குலைந்தது. கையால் தடவும்போது கட்டி கட்டியாகவே தட்டுப்படுவது, அதன் நார்ச் சூழல் இறுகியிருப்பதால். அந்த இறுக்கம் நோயின் அடையாளமாக மட்டும் நில்லாமல், கலங்களின் போக்கைத் திருப்பும் ஒரு காரணியாகவும் இருக்கக்கூடும்.

கலத்தின் ஞாபகம்

சோதனையை இளகிய தரையில் செய்துவிட்டால் போதுமா? கிறிஸ்ரி ஆன்செத்தின் குழு 2014ஆம் ஆண்டு காட்டியது இந்த நம்பிக்கையைத் தளர்த்துகிறது. குருத்துக் கலங்களைச் சில நாட்கள் மட்டும் பிளாஸ்ரிக்கில் வளர்த்து இளகிய ஜெல்லுக்கு மாற்றினால், யப் புரதம் கருவைவிட்டு வெளியேறியது. நீண்ட நாட்கள் பிளாஸ்ரிக்கில் வைத்துவிட்டு மாற்றினால், இளகிய தரைக்கு வந்த பின்னும் அது கருவிலேயே தங்கியது. அதாவது, கலம் தான் முன்பு நின்ற தரையை ஓரளவு நினைவில் வைத்திருக்கிறது. ஆய்வுகூடங்களில் பாவிக்கப்படும் கல வரிசைகளோ பல ஆண்டுகளாகப் பிளாஸ்ரிக்கிலேயே பெருக்கப்பட்டு வந்தவை. ஹெலன் பிளாவின் குழு 2010ஆம் ஆண்டு இதன் நடைமுறை விளைவைக் காட்டியது: எலியின் தசைக் குருத்துக் கலங்கள் பிளாஸ்ரிக்கில் தம் ஆற்றலை விரைவில் இழந்தன, தசையை ஒத்த 12 கிலோபஸ்கால் ஜெல்லில் வளர்த்தவை, எலியின் தசைக்குள் திரும்பச் செலுத்தியபோது அதைப் புதுப்பிக்க உதவின.

தழும்பு, ஈரல், சிறுநீரகம்

வெடிகாயமோ தீக்காயமோ ஆறிய இடத்தில் தோல் தடித்து இறுகி, மூட்டை மடக்கவோ நீட்டவோ விடாமல் இழுத்துப் பிடிப்பதை வன்னியில் பலர் தம் உடலிலேயே அறிந்திருக்கிறார்கள். காயத்தை மூட வரும் நாரரும்பர்க் கலங்கள் கொலாஜனை இட்டு அதை இழுத்துச் சேர்க்கின்றன. வேலை முடிந்ததும் அவை ஓய வேண்டும். சூழல் அளவுக்கு மீறி இறுகிவிட்டால், அந்த இறுக்கமே அவற்றை ஓயவிடாமல் தூண்டுகிறது; அவை மேலும் கொலாஜனை இடுகின்றன, இடம் மேலும் இறுகுகிறது. உள்ளுறுப்புகளிலும் இதே சுழல் நடக்கிறது.

ஈரல் இதற்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம். ஈரலின் நட்சத்திர வடிவக் கலங்கள் நலமான நிலையில் உயிர்ச்சத்து ஏயைச் சேமித்து அமைதியாக இருப்பவை. அவற்றைப் பிளாஸ்ரிக் கிண்ணத்தில் இட்டால், வேறு எந்த நஞ்சும் சேர்க்காமலே, சில நாட்களில் அந்தச் சேமிப்பை இழந்து தழும்பை உண்டாக்கும் கலங்களாக மாறத் தொடங்குகின்றன. இளகிய தரையில் இந்த மாற்றம் பெரிதும் தடைப்படுகிறது. எலிகளில் செய்து 2007ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஈரலில் கொலாஜன் படிவதற்கு முன்பே அதன் விறைப்பு கூடியிருந்தது. நோயாளரின் விலாவின்மேல் ஒரு கருவியை வைத்து, மெல்லிய அதிர்வை அனுப்பி ஈரலின் விறைப்பைக் கிலோபஸ்காலில் அளக்கும் சோதனையும் இன்று உண்டு. நலமான ஈரல் 5 கிலோபஸ்காலை அண்டியிருக்கும், 12.5ஐத் தாண்டினால் ஈரல் சுருக்க நோய் இருக்கலாம் என்று வைத்தியர் ஐயுறுவார்.

இனிச் சிறுநீரகம். நஞ்சு உண்டா என்று பார்க்கும் பரிசோதனைகளில் அதிகம் எடுக்கப்படுபவை சிறுநீரகத்தியின், அதாவது சிறுநீரகத்தில் குருதியை வடிக்கும் நுண்ணிய அலகின், அண்மை மடிந்த சிறுகுழாயின் கலங்கள். உடலில் அவை உயரமாக, மேற்புறத்தில் தூரிகை மயிர்போல நெருங்கிய நுண்விரல்களுடன், பொருள்களை உள்ளெடுக்கும் கடத்திப் புரதங்கள் நிறைந்து நிற்கும். பிளாஸ்ரிக்கில் அவை தட்டையாகி, நுண்விரல்களையும் கடத்திகளில் பலவற்றையும் இழக்கின்றன. இந்த இழப்புக்கு விறைப்பு மட்டுமே காரணம் அல்ல; சிறுகுழாயில் எப்போதும் இருக்கும் திரவ ஓட்டம் கிண்ணத்தில் இல்லை, அயலில் இருக்கும் வேறு வகைக் கலங்களும் இல்லை. ஆனால் விளைவு ஒன்றே: நஞ்சு உள்ளே வரும் வாசல் கலத்தில் அடைபட்டிருந்தால், அந்தப் பொருள் தீங்கற்றது போலத் தோன்றும். தழும்புப் பாதையில் ஏற்கெனவே தள்ளப்பட்ட கலமானால், சிறு தூண்டலையும் பெரிதாகக் காட்டக்கூடும். பிழை இரண்டு திசையிலும் வரலாம். சிறுகுழாய்களுக்கு இடையே தழும்பு படிவதுதான் வவுனியாவில் காணப்படும் சிறுநீரக நோயின் முக்கிய அடையாளம் என்பதால், அந்நோயை ஆராய்பவருக்குத் தரையைப் பற்றிய கேள்வி மற்றவரைவிட அவசரமானது.

புற்றுநோய் மருந்துகளிலும் இதைக் காணலாம். 2011ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஈரல் புற்றுநோய்க் கலங்கள் 1 கிலோபஸ்கால் ஜெல்லைவிட 12 கிலோபஸ்கால் ஜெல்லில் வேகமாகப் பெருகின, மருந்துக்குக் கூடுதலாகத் தாக்குப் பிடித்தன. இளகிய தரையில் இருந்தவை பெருகாமல் உறங்குவதுபோல அடங்கின. ஒரு மூலிகைச் சாறு புற்றுநோய்க் கலங்களை அழித்தது என்று கைத்தொலைபேசிகளில் உலவும் செய்திகளை இதை மனத்தில் வைத்து வாசிக்க வேண்டும். அந்த முடிவு பொய்யாக இராது. பிளாஸ்ரிக்கின்மேல், அந்தச் செறிவில், அந்தக் கலத்துக்கு அது உண்மை. அதை நம்பி வைத்தியசாலைச் சிகிச்சையைப் பாதியில் விடும் ஒருவருக்கு, அந்தச் சாறு உடலுக்குள் என்ன செய்யும் என்பதை அந்தக் கிண்ணம் சொல்லவில்லை.

இன்னும் தீராத வாதங்கள்

எல்லாவற்றையும் விறைப்பின் தலையில் கட்டிவிடவும் கூடாது.

1. 2012ஆம் ஆண்டு ஒரு குழு, ஜெல்லின் விறைப்பு மாறும்போது கொலாஜன் அதில் பிணைக்கப்பட்டுள்ள புள்ளிகளின் இடைவெளியும் மாறுகிறது, கலம் உணர்வது அதையே என்று வாதிட்டது. 2014ஆம் ஆண்டு எங்கிளரின் குழு பிணைப்பையும் துளைகளின் பருமனையும் தனித்தனியே மாற்றிப் பார்த்து, தீர்மானிப்பது விறைப்புத்தான் என்று பதில் அளித்தது.

2. உண்மையான இழையம் றப்பர்போல உடனே மீள்வதில்லை. பிசைந்த மாவைப்போல, இழுத்துப் பிடித்தால் மெல்ல இளகிக் கொடுக்கும். இந்த இளகும் வேகத்தையும் கலம் உணர்கிறது என்பது கடந்த பத்தாண்டின் முக்கியமான அறிவு.

3. ஜெல்லின் மேல் நிற்பதும் ஜெல்லுக்குள் புதைந்திருப்பதும் ஒன்றல்ல. நாற்புறமும் சூழப்பட்ட கலத்துக்கு, விறைப்பான சூழல் அசைய இடம் தராத சிறையாகவும் அமையலாம்.

இங்கே செய்யக்கூடியதா?

இந்த ஜெல்லுக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. புரதங்களை மின்புலத்தில் பிரித்தறியும் ஆய்வுகூடம் எதிலும் இருக்கும் அதே அக்கிரிலமைட்டும் அதே குறுக்குப் பிணைப்பியுமே இதற்கும் மூலப்பொருள்கள். அக்கிரிலமைட் 4 சதவீதமும் பிணைப்பி 0.1 சதவீதமும் எடுத்தால் 1 கிலோபஸ்காலை அண்டிய ஜெல் கிடைக்கும்; 10 சதவீதமும் 0.3 சதவீதமும் எடுத்தால் 35 கிலோபஸ்காலை அண்டியது கிடைக்கும். வவுனியாவிலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ படிக்கும் மாணவர் ஒருவர், கல வளர்ப்பு வசதி உள்ள இடத்தில் ஆசிரியரின் மேற்பார்வையுடன் இதைச் செய்து பார்க்கலாம். இறுகாத அக்கிரிலமைட் நரம்புக்கு நஞ்சு என்பதால் கையுறை கட்டாயம். இறுகிய ஜெல்லையும் பலமுறை கழுவிய பின்னரே கலங்களை இட வேண்டும்.

தவறு நிகழக்கூடிய இடம் ஜெல்லின் தடிப்பு. ஜெல் கண்ணாடியின்மேல் படிய வைக்கப்படுகிறது. படை மிக மெல்லியதாகிவிட்டால், கலம் இழுக்கும்போது கீழே உள்ள கண்ணாடியின் எதிர்ப்பு அதற்கு எட்டிவிடும். மேலே சேறு கலங்கியிருந்தாலும் ஒரு சாண் கீழே இறுகிய படை இருக்கும் வயலில், கால் அந்தப் படையில்தான் ஊன்றும். ஆகவே பரிசோதனையாளர்கள் ஜெல்லை ஏறத்தாழ 70 முதல் 100 மைக்ரோமீற்றர் வரை தடிப்பாக வார்க்கிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு துண்டை எடுத்து, கணித்த விறைப்பு உண்மையில் வந்திருக்கிறதா என்று அளந்த பின்னரே கலங்களை அதன்மேல் விடுகிறார்கள்.